இ-ரீடர் வாங்குவதற்கு முன், அடுத்த இருபது புத்தகங்களை எழுதிப் பாருங்கள்

கேள்வி: மாதம் இரண்டு மூன்று புத்தகங்கள் படிக்கிறேன். பெரும்பாலும் தமிழ் நாவல், சிறுகதை, கொஞ்சம் பழைய இலக்கியம், எப்போதாவது ஆங்கிலம். அலமாரியில் இனி இடமில்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளும் நிறையச் சேர்ந்துவிட்டன, ஃபோனில் படித்தால் கண் எரிகிறது. அச்சுப் புத்தகம் வாங்குவதை நிறுத்திவிட்டு மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள இ-ரீடர் கருவி ஒன்றை வாங்கிவிடலாமா?

பதில்:

ஒரு தாளை எடுத்து, அடுத்ததாகப் படிக்கப் போகும் இருபது புத்தகங்களின் பெயரை எழுதுங்கள். நாலு பேர் பாராட்டினார்கள் என்பதற்காக எதையும் சேர்க்க வேண்டாம், நிஜமாகவே கையில் எடுக்கப் போகிறவை மட்டும் இருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டே வாருங்கள். விலைக்கு மின்னூலாகக் கிடைத்தால் ‘மின்’. நாட்டுடைமையானதாலோ ஆசிரியரே அனுமதி தந்ததாலோ எழுத்து வடிவில் இலவசமாகக் கிடைத்தால் ‘இலவசம்’. பக்கங்களைப் படம் பிடித்த பிடிஎஃப் மட்டுமே இருந்தால் ‘ஸ்கேன்’. எங்குமே இல்லை, கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் ‘அச்சு’.

ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலைதான். கருவியைப் பற்றிப் பத்து விமர்சனம் படிப்பதைவிட இது பயன் தரும். ‘மின்’, ‘இலவசம்’ இரண்டும் சேர்ந்து பன்னிரண்டைத் தாண்டினால் இ-ரீடர் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். ஆறுக்குக் கீழே நின்றால் வாங்க வேண்டாம். இரண்டு மாதத்தில் மேசை டிராயருக்குள் போய்விடும். ‘ஸ்கேன்’தான் அதிகம் என்றால் உங்களுக்கு வேண்டியது வேறு அளவுக் கருவி. அதற்குப் பிறகு வருகிறேன். இ-ரீடர் வாங்கி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் கருவியால் ஏமாந்தவர்கள் அல்ல, தங்களிடம் இருக்கும் கோப்பு எந்த வகை என்று பார்க்காமல் வாங்கியவர்கள்.

மின்னூல் என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் கோப்புகளில் இரண்டு சாதி உண்டு. இபப், அமேசானின் கிண்டில் கருவிக்கான ஏஇசட்டபிள்யூ3 போன்றவற்றில் இருப்பது எழுத்து. திரைக்கு ஏற்ப வரிகள் மறுபடி மறுபடி அமைந்துகொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்களின் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான். பிடிஎஃப் அப்படியல்ல. அது அச்சடித்த பக்கத்தின் நகல். எந்தச் சொல் எந்த இடத்தில் என்பது முன்பே முடிவாகிவிட்டது, கருவியால் முழுப் பக்கத்தையும் சுருக்கத்தான் முடியும்.

எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். 6 அங்குல இ-ரீடரின் திரை அகலம் சுமார் 9 செ.மீ., உயரம் 12 செ.மீ. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அதை 9 செ.மீ.க்குள் அடைத்தால் 11 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட்டுக்கும் கீழே போய்விடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தின் எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் நாவல்கள் பெரும்பாலும் டெமி 1/8 அளவில், அதாவது ஏறத்தாழ 14 x 21.5 செ.மீ.யில் வருகின்றன. 7 அங்குலத் திரையில் அந்தப் பக்கம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும், 11 பாயின்ட் எழுத்து 7 பாயின்ட் ஆகும். நான்கு பக்க ஓரங்களையும் வெட்டிவிட்டால் 9 பாயின்ட் வரை மீட்கலாம். சிரமத்தோடு படிக்கலாம். 10.3 அங்குலத் திரையில் டெமி பக்கம் கிட்டத்தட்ட அச்சு அளவிலேயே வரும். எனவே ஸ்கேன் கோப்புகளுக்காகவே ஒருவர் கருவி வாங்குகிறார் என்றால் 10 அங்குலத்துக்குக் குறைவாக எதையும் பார்க்க வேண்டாம். சின்னத் திரையில் பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிக்கலாமே என்று தோன்றும். இ-ரீடரின் மின்தாள் திரை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தயங்கித் தயங்கி மாறும். மூன்றாவது பக்கத்தில் பொறுமை போய்விடும்.

ஸ்கேனை எழுத்தாக மாற்றிவிட முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளுக்குத் தமிழ் தெரியும், கூகுள் டிரைவும் படத்திலிருந்து தமிழைப் படித்துத் தரும். தெளிவான, அண்மைக்கால அச்சு என்றால் திருத்தும்படியான எழுத்து கிடைக்கும். ஆனால் ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் குழப்பம் வரும், புள்ளிகள் விழுந்துபோகும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன் அச்சான புத்தகங்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவில், கொம்பும் சுழியுமாக ஒட்டி இருக்கும். அந்தப் பக்கங்களை மென்பொருள் தப்பும் தவறுமாகத்தான் படிக்கும். ஒரு நூலுக்காக மெனக்கெட்டுத் திருத்துவது நல்ல காரியம். உங்களிடம் இருக்கும் மொத்தத் தொகுப்பையும் இப்படி மாற்றிப் படிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கருவி வாங்காதீர்கள்.

இனி தமிழுக்கென்றே உள்ள சிக்கல்கள். ஆங்கிலத்தில் எழுதப்படும் விமர்சனங்கள் எதிலும் இவை வராது.

முதலாவது, எழுத்து சரியாகத் தெரிய வேண்டும். ‘கெ’ என்று நாம் எழுதும்போது ஒருங்குறியில் (யூனிகோடில்) முதலில் ‘க’வும் பிறகு ஒற்றைக்கொம்பும் பதிவாகின்றன. கொம்பை இடப்புறம் தூக்கி வைப்பது திரையில் வரையும் மென்பொருளின் வேலை. ‘கொ’ என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும். ‘கு’, ‘டு’, ‘து’ மூன்றிலும் உகரம் வேறு வேறு வடிவம். இந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு வலப்புறம் தொங்கும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின்மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். கிண்டில் 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல் விற்கத் தொடங்கியது. அதன் பிறகு வந்த கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை. வேறு எந்தக் கருவியானாலும் வாங்குமுன் ஒரு சோதனைக் கோப்பைத் திறந்து பாருங்கள். ‘கெ கே கை கொ கோ கௌ, கூ டூ தூ றூ, ஸ்ரீ, க்ஷ, ஜூ, கொடுத்துவைத்தவர், வௌவால்’ என்று ஒரே ஒரு வரி எழுதி, இபப்பாகச் சேமித்து ஏற்றினால் போதும். அந்த வரி ஒழுங்காகத் தெரிந்தால் அந்தக் கருவி தமிழுக்கு ஆகும். தெரியாவிட்டால் நல்ல எழுத்துரு ஒன்றைக் கோப்புக்குள்ளேயே பொதித்துப் பாருங்கள். அப்போதும் கொம்பு இடம் மாறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிழை எழுத்துருவில் இல்லை, உள்ளே இருக்கும் மென்பொருளில்.

இரண்டாவது, வரி அகலம். 6 அங்குலத் திரையில் வசதியான எழுத்தளவு வைத்தால் ஒரு வரிக்கு நான்கைந்து தமிழ்ச் சொற்கள்தான் பிடிக்கும். ‘சொல்லிக்கொண்டிருந்தார்களென்று’ மாதிரி ஒரு சொல் வந்தால் அது அடுத்த வரிக்குத் தாவும், மேல் வரியில் மிஞ்சிய மூன்று சொற்களையும் ஓரத்துக்கு ஓரம் இழுத்து நிரப்பியிருப்பார்கள். இடையில் ஆறு ஓடுகிற மாதிரி வெற்றிடம். ஆங்கிலத்தில் சொல்லைக் கோடிட்டு உடைத்துச் சமாளிப்பார்கள். தமிழுக்கு அந்த வசதியை எல்லாக் கருவியும் தருவதில்லை. வழி எளிது: இருபுறச் சீர் வரிசையை எடுத்துவிட்டு இடப்புற வரிசைக்கு மாற்றுங்கள், ஓர இடைவெளியைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். கருவியிலேயே அந்த அமைப்பு இல்லாவிட்டால் காலிபர் என்ற இலவச மின்னூல் மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். இது ஒன்றுக்காகவே தமிழ் வாசகருக்கு 6 அங்குலத்தைவிட 7 அங்குலம் மேல் என்பேன். கூடுதலாகக் கிடைக்கும் ஒன்றரை செ.மீ. அகலத்தில் ஒரு சொல் கூடுதலாக நிற்கும்.

மூன்றாவது, அகராதி. சொல்லைத் தொட்டால் பொருள் வரும் என்பது இ-ரீடரின் பெரிய ஈர்ப்பு, ஆங்கிலம் படிப்பவர்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. தமிழில் அந்த எதிர்பார்ப்பை வைக்காதீர்கள். அகராதியில் இருப்பது ‘வீடு’. நீங்கள் தொடுவது ‘வீட்டிலிருந்துதான்’. வேற்றுமையும் இடைச்சொல்லும் ஒட்டிய சொல்லைப் பிரித்துப் பார்க்கும் அறிவு சாதாரண அகராதிக் கோப்புக்குக் கிடையாது. பழந்தமிழ்ப் பாடலில் சீர் பிரிப்பும் புணர்ச்சியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

பழைய கோப்புகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் பல குறியாக்கங்களில் தட்டச்சானது: டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று. 1998-இல் தொடங்கி, தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் தொடக்ககால நூல்கள் பலவும் டிஸ்கியில் வந்தன; பின்னால் ஒருங்குறிக்கு மாற்றினார்கள். அதே நூல் இரண்டு வடிவிலும் இருந்தால் ஒருங்குறிக் கோப்பையே எடுங்கள். மற்றது இ-ரீடரில் ஐரோப்பியக் கிறுக்கலாகத் தெரியும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப்போடு 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பும் தருகிறார்கள். எழுத்து உடையும் பழைய கருவி வைத்திருப்பவர்களுக்கு அது கைகொடுக்கும், ஏனென்றால் பிடிஎஃப்பில் எழுத்தின் வடிவம் முன்பே வரையப்பட்டுவிட்டது.

இப்போது கண் எரிச்சல். இ-ரீடர் திரை என்பது உள்ளபடியே மை. முடியிழை தடிமனில் இலட்சக்கணக்கான நுண்குமிழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. அடியில் மின்புலத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். போன துகள் அங்கேயே நிற்கும். பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவாகும், நிற்கும்போது இல்லை. அறை வெளிச்சம் பட்டுத் திரும்புவதைத்தான் நாம் பார்க்கிறோம், காகிதத்தில் நடப்பதும் அதுவே. வெயிலில் உட்கார்ந்தால் ஃபோன் மங்கும், இது இன்னும் தெளிவாகும். இருட்டில் படிப்பதற்கான விளக்கும் திரைக்குப் பின்னால் இல்லை; ஓரத்தில் உள்ள சிறு எல்இடிக்கள் ஒரு மெல்லிய படலம் வழியாகத் திரையின் மேற்பரப்பில் ஒளியைப் பரப்புகின்றன.

அதனால் கண் எரிச்சல் முழுக்கப் போய்விடுமா? குறையும். கண்ணுக்குள் நேராக அடிக்கும் வெளிச்சமும் பளபளப்பும் போகும், எழுத்தைப் பெரிதாக்க முடியும். ஆனால் எரிச்சலுக்கு இன்னொரு காரணம் உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டல் குறைவது, அது எந்தத் திரையிலும் நடக்கலாம். ஃபோனைப் பிடிப்பதுபோல ஓரடிக்கும் குறைவாகப் பிடிக்காமல் 35–40 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். திரை விளக்கை அறையின் வெளிச்சத்துக்கு நிகராக வையுங்கள், கூட்டாதீர்கள். தூக்கத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘இ-ரீடர் தூக்கத்தைக் கெடுக்கும்’ என்று பரவிய செய்திக்கு அடிப்படை 2014 கடைசியில் வெளியான ஓர் ஆய்வு. அதில் 12 பேர் தூங்குமுன் நான்கு மணி நேரம் படித்தது ஐபேடில், முழு வெளிச்சத்தில். மின்தாள் திரையில் அல்ல.

புரிதல் குறையும் என்பதிலும் பாதிதான் உண்மை. 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை, ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியான பகுப்பாய்வு, தகவல் நூல்களைக் காகிதத்தில் படித்தவர்களுக்கே திரையில் படித்தவர்களைவிடப் புரிதல் கூடுதல் என்றது. நேர நெருக்கடி இருந்தால் இடைவெளி இன்னும் கூடியது. கதைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. கிண்டிலையே வைத்து நார்வே ஆய்வாளர் ஆன் மாங்கன் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. 50 பேர் 28 பக்கக் கதை ஒன்றைப் படித்தார்கள். புரிதலில் பெரும்பாலும் இரு தரப்பும் சமம். எது முதலில் நடந்தது, எது பிறகு என்ற கால வரிசையில் மட்டும் அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். இடது கையில் எவ்வளவு தடிமன் சேர்ந்தது, வலது கையில் எவ்வளவு மீதி என்பதைக் கை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். ஐந்து தலைமுறைக் கதையை இ-ரீடரில் படித்துவிட்டு ‘இந்தப் பேரன் யாருக்குப் பிறந்தவன்’ என்று திண்டாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அச்சில் என்றால் ‘இடப்பக்கம், கீழே, முதல் கால்வாசிக்குள்’ என்று விரல் போய்விடும்.

இதை வைத்தே எதை அச்சில் வாங்குவது என்று தீர்மானிக்கலாம். ஓடிப் படிக்கும் நாவல், சிறுகதை, வாழ்க்கை வரலாறு எல்லாம் இ-ரீடருக்குப் பொருத்தம். முன்னும் பின்னும் புரட்ட வேண்டியவை அச்சுக்கு. உரையோடு கூடிய இலக்கியம் இதற்கு முதல் எடுத்துக்காட்டு: பாட்டு ஒரு பக்கம், பதவுரை, விளக்கவுரை, அடிக்குறிப்பு, பின்னால் பாட்டு முதற்குறிப்பு. இ-ரீடரில் பாட்டையும் உரையையும் ஒருசேரக் கண்முன் வைக்க முடியாது, திரை மாற்றி மாற்றியே களைத்துவிடுவீர்கள். பாட்டின் அடிகளும் உடையும். நாற்சீர் அடி ஒன்று திரையகலத்துக்குள் அடங்காவிட்டால் கடைசிச் சீர் கீழே விழும். வெண்பாவின் ஈற்றடி முச்சீர் என்று கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும் அழகே அங்கே காணாமல் போகும். கருவியைப் படுக்கை வாட்டில் திருப்பினால் அடி நிற்கும், ஆனால் பக்கத்துக்கு ஒரு பாட்டுதான் தெரியும். புதுக்கவிதைக்கும் இதே கதி. எங்கே வரி உடைய வேண்டும் என்று கவிஞர் முடிவு செய்ததை எழுத்தளவு மாற்றிவிடும். படம், வரைபடம், அட்டவணை நிறைந்தவையும் சின்னக் குழந்தைகளின் புத்தகங்களும் அச்சில்தான் இருக்க வேண்டும்.

உரிமை விஷயத்தை யாரும் விரிவாகச் சொல்வதில்லை. நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட மின்னூலை வாங்கும்போது நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமம். 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் எல்லாம் மறைந்தன, பணம் திரும்ப வந்தது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. மின்னூலைப் பழைய புத்தகமாக விற்கவும் முடியாது. உரிமையாளர் அனுமதி இல்லாமல் அது கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிக் கைமாறிப் போகும் புத்தகம் என்ற பழக்கமே இதில் அறுந்துவிடுகிறது. ஆகவே திரும்பத் திரும்பப் படிப்பேன், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வேன், நண்பருக்குக் கொடுப்பேன் என்று தோன்றும் நூலை அச்சில் வாங்குங்கள். பூட்டில்லாத இபப்பாக விற்கும் பதிப்பகம் இருந்தால் அங்கே வாங்கி, கணினியிலும் வெளி வட்டிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். அடிக்கோடுகளையும் குறிப்புகளையும் மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். கணக்கு முடங்கினால் அவையும் போய்விடும்.

பணக் கணக்கு இப்படி. கருவியின் விலை இருபது அச்சுப் புத்தகங்களின் விலைக்குச் சமம் என்றும், மின்னூல் அச்சு விலையில் 60 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மின்னூலில் மிச்சம் 0.4 புத்தகம். வெறும் விலை மின்னூல்களாகவே வாங்கினால் கருவிக்குப் போட்ட காசு வர ஐம்பது புத்தகங்கள் ஆகும். ஆண்டுக்கு முப்பது படிக்கும் நீங்கள் அதில் 12 விலை மின்னூல், 6 இலவச நூல் என்று படித்தால் ஆண்டு மிச்சம் 10.8 புத்தகம், இரண்டு ஆண்டுக்குச் சற்று முன்பாகக் கணக்கு நேராகும். அதே சமயம், படித்த அச்சுப் புத்தகத்தைப் பாதி விலைக்கு விற்றுவிடும் பழக்கம் உள்ளவருக்கு அச்சின் நிகரச் செலவு 50 விழுக்காடுதான். அவருக்கு விலை மின்னூலில் ஒரு காசும் மிஞ்சாது. நூலகத்தில் எடுத்துப் படிப்பவருக்கும் அப்படியே. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒன்றுக்குக் குறைவாகப் படிப்பவர் பணத்தை மிச்சம் பிடிக்கும் நோக்கத்தோடு இதை வாங்குவதில் பொருளில்லை.

உங்கள் இடப்பிரச்சினை நியாயமானது, எடையும்தான். 300 பக்க டெமி நாவல் என்றால் 150 தாள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) காகிதத்தில் அதுவே 315 கிராம் வரும், அட்டை தனி. 7 அங்குல இ-ரீடர் 200 கிராமை ஒட்டி இருக்கும். 800 பக்க நாவலைப் படுத்தபடி ஒற்றைக் கையில் பிடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும்.

வாங்குவதென்று முடிவானால் எதைப் பார்ப்பது? ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்கட்டும். அதற்குக் கீழே ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும். விளக்கு இருக்கட்டும், மஞ்சளாக மாற்றும் வசதி இருந்தால் இரவில் இதம். சேமிப்பிடத்துக்குக் கூடுதல் பணம் தராதீர்கள்: ஒரு நாவல் ஒரு எம்பி அளவுதான், 16 ஜிபி ஆயிரக்கணக்கில் கொள்ளும். ஒலிநூல், காமிக்ஸ், ஸ்கேன் குவியல் இருந்தால் மட்டும் கூடுதல் வேண்டும். வண்ணத் திரை நாவல் வாசகருக்கு நட்டம். கலைடோ 3 என்ற வண்ண மின்தாள் வகையில் கறுப்பு வெள்ளைக்கு 300 பிக்சல் இருந்தாலும் வண்ணத்துக்கு 150தான், மேலே படிந்த வண்ண வடிகட்டி வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். எந்நேரமும் விளக்கைப் போட்டே படிக்க நேரும். ஆண்ட்ராய்டு உள்ள இ-ரீடரில் எந்தச் செயலியையும் ஏற்றலாம். வெவ்வேறு கடைகளில் வாங்குபவருக்கு அது வசதி. மின்கலம் விரைவாகத் தீரும், ஃபோனின் கவனச் சிதறலும் கூடவே வந்து சேரும்.

‘வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும்’ என்ற விளம்பரத்தின் சிறிய எழுத்தைப் படியுங்கள். நாளுக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கு நடுத்தர அளவில் என்பது அந்தக் கணக்கு. ஆறு வாரம் என்றால் 21 மணி நேரம், பத்து வாரம் என்றால் 35 மணி நேரம். நாளைக்கு இரண்டு மணி நேரம் படிப்பவருக்குப் பத்து வாரம் என்பது இரண்டரை வாரம்தான். ஃபோனோடு ஒப்பிட்டால் அதுவே தாராளம். படிக்காமல் கிடப்பில் போடுவதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். முழுதாக வடிந்த நிலையில் ஆறு மாதம் கிடந்த லித்தியம் மின்கலம் சில வேளை திரும்ப எழாது.

இ-ரீடர் சாவது பெரும்பாலும் பையில்தான். மேலே இருப்பது பிளாஸ்டிக் படலம். அதற்கு அடியில் மின்சுற்று பதித்த மெல்லிய கண்ணாடி. தண்ணீர் பாட்டிலோ சார்ஜரோ அழுத்தினால் உள்ளே அந்தக் கண்ணாடி விரியும். தொட்டுப் பார்த்தால் மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும், ஆனால் பாதித் திரையில் போன பக்கம் உறைந்து நிற்கும், குறுக்கே கோடுகள் ஓடும். திரையை மாற்றும் செலவு பெரும்பாலும் புதுக் கருவியின் விலையை நெருங்கிவிடும். எனவே வாங்கும் அன்றே விறைப்பான மூடியுள்ள உறையும் வாங்குங்கள். பழைய எழுத்தின் நிழல் புதுப் பக்கத்தில் மங்கலாகத் தெரிவது வேறு விஷயம், அது பழுதில்லை. துகள்கள் முழுதாக இடம் மாறாததால் வருவது. ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுமையாகப் புதுப்பிக்கும்படி அமைப்பில் மாற்றினால் மறைந்துவிடும்.

பழைய கருவி வாங்கினால் முந்தையவரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று கையில் வாங்குமுன் பாருங்கள். நீக்காத கருவியால் உங்களுக்குப் பயனில்லை. விளக்கை முழுதாக ஏற்றி, வெள்ளைப் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பத்து நிமிடம் பக்கங்களைப் புரட்டி, சார்ஜ் எத்தனை விழுக்காடு இறங்கியது என்று கவனியுங்கள். ஒன்றிரண்டைத் தாண்டினால் மின்கலம் தளர்ந்துவிட்டது.

வைத்திருக்கும் கோப்பைக் கருவிக்குக் கொண்டுபோகும் வழி: காலிபரைக் கணினியில் நிறுவி, கோப்பை அதில் சேருங்கள். விவரங்களைத் திருத்தும் இடத்தில் மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள், ஆங்கிலம் என்று இருந்தால் எழுத்துருத் தேர்வு குழம்பலாம். ‘மாற்று’ என்பதில் தோற்றப் பகுதிக்குப் போய், வரிசையை இடப்புறமாக்கி, வேண்டுமானால் எழுத்துருவைப் பொதித்து, இபப்பாக எடுங்கள். கிண்டில் என்றால் இபப்பை யுஎஸ்பியில் நேரே ஏற்றினால் திறக்காது; 2022 முதல் அமேசானின் ‘செண்ட் டு கிண்டில்’ சேவை வழியாக இபப்பை அனுப்பலாம், அங்கே மாற்றித் தருவார்கள். மற்ற பெரும்பாலான கருவிகளில் இழுத்துப் போட்டால் போதும். பிடிஎஃப்பை மட்டும் காலிபரில் இபப்பாக மாற்ற முயலாதீர்கள். தலைப்பு வரியும் பக்க எண்ணும் பத்தி நடுவே வந்து விழும். பழைய தமிழ் எழுத்துரு என்றால் எழுத்தே குலையும். அதற்குப் பதில் கேஓரீடர் போன்ற செயலியில் ஓரங்களை வெட்டி, பக்கத்தைப் படுக்கை வாட்டில் பாதி பாதியாகப் பாருங்கள்.

உங்கள் நிலைக்கு வருகிறேன். நாவலும் சிறுகதையும் பெரும்பகுதி என்பதால், இருபதின் பட்டியல் பன்னிரண்டைத் தாண்டும் பட்சத்தில், விளக்குள்ள 7 அங்குலக் கறுப்பு வெள்ளைக் கருவி போதும். அச்சை நிறுத்த வேண்டாம். பழைய இலக்கியத்தை உரையோடு அச்சிலேயே வாங்குங்கள், அலமாரியில் ஒருமுறை படித்து முடித்த நாவல்களைக் கொடுத்துவிட்டு அந்த இடத்தை இவற்றுக்கு ஒதுக்குங்கள். ஸ்கேன் குவியலுக்காக இப்போதே 10 அங்குலம் வாங்காதீர்கள். அதில் நிஜமாகவே படிக்கப் போகும் ஐந்தை மட்டும் எடுத்து, வீட்டில் பெரிய டேப்லெட்டோ கணினியோ இருந்தால் முதலில் அதில் படித்துப் பாருங்கள். ஐந்தையும் முடித்துவிட்டு ஆறாவதைத் தேடினீர்கள் என்றால் அப்போது பெரிய திரையைப் பற்றி யோசிக்கலாம். யாரிடமாவது இ-ரீடர் இருந்தால் ஒரு வாரம் இரவல் கேளுங்கள். மேலே சொன்ன சோதனை வரி, உங்கள் ஸ்கேன்களில் ஒன்று, ஒரு முழு நாவல் மூன்றையும் அதில் ஏற்றி, நாவலைக் கடைசிப் பக்கம் வரை அதிலேயே படியுங்கள்.